காடும் கடன் கணக்கும்

அன்புள்ள ஐயா,

அமேசான் காட்டுத்தீ பற்றிய கட்டுரையில், பிரேசிலின் ஆக்ரே மாநிலத்து ரப்பர் தொழிலாளிகளைக் 'காட்டின் மக்கள்' என்று எழுதியிருந்தீர்கள். அவர்கள் நூற்றைம்பது வருடத்துக்குள் வெளியிலிருந்து வந்தவர்கள்தானே? பழங்குடிகளை விரட்டிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அங்கே என்ன உரிமை? எல்லோரையும் வெளியேற்றிவிட்டால் காடு தானாகப் பிழைத்துக்கொள்ளாதா?

எஸ்., ஈரோடு

அன்புள்ள எஸ்.,

வந்தேறிகள்தான், சந்தேகமில்லை. எப்படி வந்தார்கள் என்பதையும் பார்த்துவிடுவோம். 1877-79இல் பிரேசிலின் வடகிழக்கே சியாரா பகுதியில் கொடும் வறட்சி. இங்கே தாது வருஷப் பஞ்சம் ஊர் ஊராகக் காலி செய்துகொண்டிருந்த அதே சமயம். இரண்டுக்கும் பின்னால் இருந்தது ஒரே எல் நினோ, அதாவது பசிபிக் கடல் சூடேறி மழைப் போக்கைக் குலைப்பது. நம்மவர்கள் கங்காணி பின்னால் இலங்கைத் தோட்டங்களுக்குப் போனார்கள். சியாராக்காரர்கள் படகேறி அமேசானின் மேலாறுகளுக்குப் போனார்கள்.

போய் இறங்கும்போதே கடன். படகுக் கூலி, கத்தி, வாளி, துப்பாக்கி, மரவள்ளி மாவு எல்லாம் முதலாளியின் கடைக் கணக்கில் ஏறியிருக்கும். பயிர் வைக்கக்கூடாது, வைத்தால் மாவை யார் வாங்குவது? விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்ப வேண்டும். குடிசையில் தொடங்கிக் குடிசையிலேயே முடியும் ஒற்றையடிப் பாதை, வழியில் நூறு முதல் இருநூறு மரங்கள். முதல் சுற்றில் மரத்தைச் சீவிக் கிண்ணம் வைப்பது, இரண்டாம் சுற்றில் பாலைச் சேகரிப்பது. அப்புறம் பனைக்கொட்டைப் புகையில் ஒரு கழியைச் சுழற்றிச் சுழற்றிப் பாலை ஊற்றிப் பெரிய உருண்டையாக்குவது. அந்தப் புகையிலேயே கண்ணும் நெஞ்சும் கெட்டுப்போகும். உருண்டையைக் கடையில் போட்டால், எழுதப் படிக்கத் தெரியாதவன் முன்னால் கணக்கப்பிள்ளை கூட்டிக் கழித்து இன்னும் பாக்கி என்பார்.

விரட்டியது பற்றி நீங்கள் சொல்வது உண்மை. முதலாளிகள் ஆயுதக் கும்பல்களை ஏவி, பல குடும்பங்கள் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த பழங்குடிகளின் பெருவீடுகளைச் சுற்றி வளைத்து ஆண்களைக் கொன்றார்கள், பெண்களைப் பிடித்துச் சென்றார்கள். அந்தக் கும்பல்களில் ரப்பர் தொழிலாளிகளும் இருந்தார்கள். மிஞ்சிய பழங்குடிகளையும் அதே கடன் கணக்கில் இழுத்துப் போட்டார்கள். ஃபெலிசார்தோ செர்க்கேய்ரா என்பவர் தன்னிடம் வேலை செய்த ஹூனி குயின் என்ற பழங்குடி மக்களின் கையில் தன் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் பச்சை குத்தினார். ஆக்ரே பழங்குடிகள் தங்கள் வரலாற்றைப் பெருவீட்டுக் காலம், துரத்தல் காலம், அடிமைக் காலம், உரிமைக் காலம் என்று பிரித்துச் சொல்கிறார்கள். எந்தப் பேராசிரியரின் காலப் பகுப்பையும்விட இது எனக்குச் சரியாகப் படுகிறது.

இந்த ஏற்பாட்டைக் கவிழ்த்தது புரட்சி அல்ல, ரப்பர் விலை. 1876இல் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் அமேசானிலிருந்து கொண்டுபோன சுமார் 70,000 ரப்பர் விதைகள் லண்டன் கியூ தாவரவியல் தோட்டம் வழியாக இலங்கைக்கும் மலாயாவுக்கும் கன்றுகளாக வந்தன. 1913 வாக்கில் ஆசியத் தோட்டங்கள் அமேசானை முந்திவிட்டன. மலாயாவில் அந்தப் பால்மரங்களைச் சீவியவர்களில் பெரும்பகுதி தமிழர்கள். இதை நாம் அதிகம் பேசுவதில்லை. அமேசானில் முதலாளிகள் பலர் நொடித்துப் போனார்கள், தொழிலாளிகள் காட்டிலேயே தங்கினார்கள். மரவள்ளி போட்டார்கள், வேட்டையாடினார்கள், பிரேசில் கொட்டை பொறுக்கினார்கள், பழங்குடிப் பெண்களோடு குடும்பமானார்கள். அவர்களைக் காட்டின் மக்கள் என்று நான் சொல்வது இதற்குப் பிறகு வந்த தலைமுறைகளை வைத்துத்தான்.

ரப்பர் தொழிலாளிகளின் தலைவரான சிகோ மெண்டிஸ் அப்படி ஒரு குடும்பத்துப் பிள்ளை. அப்போது ரப்பர் காடுகளில் பள்ளிக்கூடமே கிடையாது. தலைமறைவாக வாழ்ந்த ஒரு முன்னாள் ராணுவக்காரர்தான் அவருக்குச் செய்தித்தாளை வைத்து எழுத்தறிவித்தார். 1970களில் ராணுவ அரசின் ஊக்கத்தோடு தெற்கிலிருந்து மாட்டுப் பண்ணைக்காரர்கள் வந்து நிலம் வாங்கி மரங்களை வெட்டியபோது, தொழிலாளிகள் பெண்டு பிள்ளைகளோடு போய் ரம்பத்துக்கு முன்னால் நின்றார்கள். தொழிற்சங்கத் தலைவர் வில்சன் பின்ஹெய்ரோ 1980இல் கொல்லப்பட்டார். 1988 டிசம்பர் 22இல் ஆக்ரேயின் ஷபூரி ஊரில், வீட்டுப் பின்வாசலில், சிகோ மெண்டிஸ். இதற்கிடையில் நடந்ததுதான் எனக்குப் பெரிய விஷயம். அன்று பழங்குடிகளைக் கொன்றவர்களின் பேரப்பிள்ளைகளும் கொல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகளும் ஒரே கூட்டணியாகச் சேர்ந்து காட்டுக்காக நின்றார்கள். நிலம் அரசுடையது, பயன்படுத்தும் உரிமை குடியிருப்போருடையது என்ற காப்பகங்கள் 1990இல் வந்தது இந்தக் கூட்டணியின் போராட்டத்தால்தான்.

ஆக, ஆளே இல்லாத காடு தானாகப் பிழைக்கும் என்பதற்கு ஆக்ரேயில் சாட்சி இல்லை. செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள்: நெடுஞ்சாலை ஓரம் மேய்ச்சல் நிலம், பழங்குடி நிலங்களிலும் காப்பகங்களிலும் பெரும்பாலும் இன்னும் பச்சை.

பெரும்பாலும் என்றுதான் சொல்ல முடியும். ரப்பர் விலை குடும்பத்துக்குக் கட்டுவதில்லை, மாட்டை அவசரத்துக்கு விற்றுவிடலாம். அதனால் சிகோ மெண்டிஸ் பெயரில் உள்ள காப்பகத்துக்குள்ளேயே மாடுகள் பெருகிவிட்டன. நீங்கள் இதைக் கேட்டிருந்தால் எனக்குப் பதில் சொல்வது இன்னும் கஷ்டமாக இருந்திருக்கும்.