காளானைக் கழுவலாமா?

கேள்வி: காளான் தண்ணீரை உறிஞ்சிவிடும், ஈரத்துணியால் துடைத்தால் போதும் என்கிறார்கள். காம்படியில் கறுப்பாக மண் ஒட்டியிருக்கிறதே, துடைத்தால் போகுமா?

பதில்: தாராளமாகக் கழுவுங்கள். காளானின் எடையில் 90 சதவீதத்துக்கும் மேல் தண்ணீர்தான். முழுக் காளானைச் சில நொடிகள் அலசும்போது ஏறும் நீர் மிகக் கொஞ்சம். கெடுப்பது ஊறவைப்பது, அதைவிடக் கெடுப்பது நறுக்கிவிட்டு ஊறவைப்பது.

மொட்டுக் காளான் என்றால், முதலில் காம்பின் காய்ந்த அடியை அரை சென்டிமீட்டர் வெட்டிவிடுங்கள். மண்ணில் பெரும்பகுதி அதோடு போய்விடும். பிறகு அகலமான பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பி, 200 கிராம் அளவுக்குப் போட்டுப் பத்து நொடி கையால் அளைந்து, காளானை மட்டும் அள்ளி எடுங்கள். பாத்திரத்தோடு வடிகட்டியில் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் திரும்பவும் காளான்மேலேயே விழும். தண்ணீர் கலங்கலாக இருந்தால் இன்னொரு முறை. பருத்தித் துணியில் குடைப்பக்கம் மேலே இருக்கும்படி பரப்பி, ஒற்றி எடுத்தபின் நறுக்குங்கள். தோலை உரிக்க வேண்டியதே இல்லை.

சிப்பிக் காளானில் மடிப்புகள் திறந்தே இருப்பதால் நீர் தேங்கும். அதை முக்காமல், மடிப்பு கீழே பார்க்கப் பிடித்து, மெல்லிய குழாய் நீரில் காட்டினால் போதும். கொத்தின் அடியிலுள்ள கட்டிப் பகுதி வேகாது, நீக்கிவிடுங்கள். மீதியைக் கையாலேயே நார்வாக்கில் கிழிக்கலாம்.

கேள்வி: கழுவி டப்பாவில் போட்டு ஃபிரிட்ஜில் வைத்தேன். மறுநாளே பிசுபிசுத்துவிட்டது. ஏன்?

பதில்: மேற்பரப்பில் ஈரம் நின்றால் பாக்டீரியா பெருகும். மூடிய டப்பாவில் காளான் விடும் நீராவியும் வெளியேறாமல் அதன்மேலேயே சொட்டும். கழுவாமல் காகிதப் பையில் வையுங்கள். சமைக்கும் முன் மட்டும் கழுவுங்கள். லேசான பழுப்பு நிறம் பரவாயில்லை. வழவழப்போ துர்நாற்றமோ இருந்தால் தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: வதக்கும்போது தண்ணீர் விட்டுக் கொதிக்கிறது. கழுவியதால்தானே?

பதில்: இல்லை, அது காளானின் சொந்த நீர். வாணலியில் நெருக்கமாகக் குவித்தால் ஆவி வெளியேற இடமில்லாமல் அவிந்துவிடும். அகலமான வாணலியை நன்றாகச் சூடாக்கி, ஒரே அடுக்காகப் போடுங்கள். விட்ட நீரைக் கொட்டாதீர்கள், சுவை அதில்தான் இருக்கிறது. தீயைக் கூட்டிச் சுண்டவிடுங்கள். சலசலப்பு அடங்கிப் பொரியும் ஓசை வரும்போது எண்ணெய், சிவந்தபின் உப்பு. கூடுதலாகச் சில நிமிடம் வதங்கினாலும் காளான் குழையாது, பயம் வேண்டாம்.

கேள்வி: காட்டுக் காளானை உப்புநீரில் ஊறவைத்து வேகவைத்தால் விஷம் போய்விடுமா?

பதில்: போகாது. உயிரைப் பறிக்கும் அமாடாக்சின் கொதித்தாலும் அழியாது. வெள்ளிக் காசு கறுக்கிறதா, பூச்சி தின்றிருக்கிறதா என்று பார்ப்பதும் பயனற்ற சோதனைகள். இந்த விஷத்தின் அறிகுறிகள் பெரும்பாலும் ஆறு மணி நேரத்துக்குப் பிறகே தெரியும். அதற்குள் கல்லீரல் பாதிப்பு தொடங்கியிருக்கலாம். யாராவது தின்றுவிட்டால் வாந்தி வரட்டும் என்று காத்திராமல், மீந்த காளானையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடுங்கள்.