மதுரையில் நீதி கேட்டபோது கண்ணகிக்கு என்ன வயது?

சிலப்பதிகாரத்தில் கண்ணகிக்கு 12 வயது என்று இருக்கிறதே, பாண்டியன் சபையில் அப்படி வாதாடியது ஒரு சிறுமியா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அந்த ‘ஈராறாண்டு’ கல்யாணத்தின்போது இருந்த வயது, அப்போது கோவலனுக்கு 16. மதுரையில் என்ன வயது என்று இளங்கோ எங்கேயும் சொல்லவில்லை, நாம்தான் கூட்டிப் பார்க்க வேண்டும்.

முதலில் தனிக்குடித்தனம், அதில் ‘யாண்டு சில கழிந்தன’ என்கிறார். சில என்றால் குறைந்தது இரண்டு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆக 14 அல்லது 15. அப்புறம்தான் மாதவி அரங்கேறுகிறாள், அவளுக்கு அப்போது 12; அவளோடு கோவலன் வாழ்ந்து, மணிமேகலை பிறந்து, சொத்தெல்லாம் கரைந்த பிறகே பிரிவு வருகிறது. என் கணக்கில் இதுதான் வலுவான தடயம், ஏனென்றால் 12 வயதுப் பெண் தாயாக நாலைந்து வருஷமாவது ஆகும் என்று எடுத்துக்கொண்டாலே கண்ணகி 18 முதல் 20 வயதைத் தொட்டுவிடுகிறாள். அது கீழ் வரம்புதான். மேல் வரம்பு அவ்வளவு உறுதியில்லை; இருவரின் பெற்றோரும் உயிரோடு இருப்பதால் ரொம்பவும் மேலே போக வேண்டாம் என்று மட்டும் சொல்லலாம்.

புகாரைத் தாண்டியதுமே களைத்துப்போய் ‘மதுரை மூதூர் யாது’ என்று கேட்பதைச் சிறுவயதுக்குச் சான்றாகக் காட்டுபவர்கள் உண்டு. அது நடந்து பழகாத செல்வ வீட்டுப் பெண் என்பதைத்தான் காட்டுகிறது, வயதை அல்ல.

என்னைக் கேட்டால் இருபதுகளின் தொடக்கம், கோவலன் அதற்கு நாலு வயது மூத்தவன்.