கையெழுத்திடாதவர் கோழையா?

கேள்வி: அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திடாத வழக்கறிஞர் ஜான் டிக்கின்சனை ஆதரித்து எங்கள் கல்லூரி விவாத மேடையில் நான் பேச வேண்டும். எதிரணியினர் அவரைக் கோழை என்பார்கள். எப்படி மறுப்பது?
- சட்ட மாணவி ஒருவர்

பதில்: விடுதலை குறித்த வாக்கெடுப்பு நடந்த 1776 ஜூலை 2-ஆம் நாளிலிருந்து தொடங்குங்கள். விடுதலைக்கு இன்னும் காலம் கனியவில்லை என்று அதற்கு முந்தைய நாள்தான் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடிய பேரவையில் அவர் வாதாடியிருந்தார். அயல்நாட்டுத் துணை உறுதியாகாமலும், 13 குடியேற்றங்களையும் பிணைக்கும் உடன்படிக்கை முடிவாகாமலும் பிரிட்டனை விட்டுப் பிரிவது, காகிதப் படகில் ஏறிப் புயலைச் சந்திப்பதற்கு ஒப்பாகும் என்பது அவருடைய கருத்து. அவையின் மனநிலை தமக்கு எதிராக இருப்பதை அறிந்தே இதைச் சொன்னார் என்பதை அழுத்திக் கூறுங்கள். மறுநாள் வாக்கெடுப்பில், பென்சில்வேனியாவின் உறுப்பினர்களான அவரும் ராபர்ட் மாரிஸும் கலந்துகொள்ளவில்லை. அதன் எஞ்சிய உறுப்பினர்களில் மூவர் ஆதரிக்க, இருவர் எதிர்த்தார்கள். விலகி நின்ற இருவரும் வந்து எதிர்த்திருந்தால் அந்த மாநிலத்தின் வாக்கு மறுபக்கம் சாய்ந்திருக்கும். தம் கருத்தையும் கைவிடாமல், பெரும்பான்மையின் வழியையும் மறிக்காமல் அவர் நடந்துகொண்ட விதம் என்னை இன்றும் நெகிழச் செய்கிறது. அதன்பின் அவர் வீட்டில் முடங்கிவிடவில்லை. தம் படைப்பிரிவுடன் நியூ ஜெர்சிக்குப் புறப்பட்டார்.

அவருடைய எச்சரிக்கை அச்சத்தில் பிறந்ததன்று. வழக்கறிஞர்களைப் பயிற்றுவிக்கும் லண்டன் மிடில் டெம்பிளில் சட்டம் பயின்ற அவர், குடியேற்றங்களின் இறக்குமதிப் பொருள்கள்மீது பிரிட்டன் விதித்த டவுன்சென்ட் வரிச் சட்டங்களை எதிர்த்து 1767-68-இல், தம்மைப் பென்சில்வேனிய உழவர் என்று குறிப்பிட்டுக்கொண்டு 12 கடிதங்களை வெளியிட்டார். வணிகத்தை ஒழுங்குபடுத்துவதற்காகச் சுங்கம் விதிக்கும் அதிகாரம் பிரிட்டன் நாடாளுமன்றத்துக்கு உண்டு; ஆனால் வருவாய் திரட்டும் நோக்கத்துடன் விதிப்பது, தொகை எத்தனை சிறிதாயினும், மக்களின் இசைவில்லாத வரியே என்று அவற்றில் பிரித்துக் காட்டினார். தொகையைப் பார்க்காமல் நோக்கத்தைப் பார்க்கும் இந்த வாதத்தைச் சட்டம் படிக்கும் நீங்கள் விரிவாகவே எடுத்துரைக்கலாம்.

ஒன்றை மட்டும் மறைக்காதீர்கள். அவர் அடிமைகளை வைத்திருந்தவர்; 1777-இல் நிபந்தனையுடனும், 1786-இல் முழுமையாகவும் அவர்களை விடுவித்தார். எதிரணி எழுப்புமுன் நீங்களே இதைச் சொல்லிவிடுவது நேர்மையாக இருக்கும்.

கையெழுத்தையே அவர்கள் திரும்பத் திரும்பப் பேசினால் 1787-க்கு வாருங்கள். டெலவேர் பிரதிநிதியாக அரசியலமைப்பு மாநாட்டில் பங்கேற்ற டிக்கின்சன், உடல்நலம் குன்றி முன்னதாகவே ஊர் திரும்ப நேர்ந்தபோது, தம் பெயரை இட்டுவிடும்படி சக உறுப்பினர் ஜார்ஜ் ரீடிடம் கேட்டுக்கொண்டார். ரீட் எழுதிய அந்தப் பெயர் அமெரிக்க அரசியலமைப்பின் கீழ் இருக்கிறது.