சம்பளம் எது, படி எது?

கேள்வி: அக்கா, நான் ஹூஸ்டனில் ஆறு ஆண்டுகளாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். கிரீன் கார்டு உண்டு. வாரச் சம்பளம் 1,440 டாலர். கலிஃபோர்னியாவில் 13 வார டிராவல் நர்ஸ் வேலைக்கு (வெளியூர் மருத்துவமனையில் குறுகிய கால ஒப்பந்த வேலை) ஓர் ஏஜென்சி வாரம் 2,300 டாலர் தருவதாகச் சொல்கிறது. ஒப்பந்தத்தை இணைத்திருக்கிறேன். கணவரும் மகனும் ஹூஸ்டனிலேயே இருப்பார்கள். மூவருக்கும் இன்ஷூரன்ஸ் என் வேலை வழியாகத்தான். விரைவில் வீடு வாங்க ஆசை. நாகர்கோவிலில் அம்மாவுக்கு உடல்நிலை சரியில்லை. ஹூஸ்டன் வேலையை விட்டுவிட்டு அங்கே போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: இப்போது விடாதீர்கள், தங்கையே. உங்கள் ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

2,300 என்று மேலே கொட்டை எழுத்தில் இருக்கிறது. கீழே பிரித்துக் காட்டியிருப்பதைப் பாருங்கள். மணிக்கு 24 டாலர் வீதம் 36 மணி நேரத்துக்கு 864. தங்குமிடப் படி 1,036. சாப்பாட்டுப் படி 400. இதில் சம்பளம் என்பது 864 மட்டுமே. மற்றவை வரியில்லாத படிகள். இன்று நீங்கள் வாங்கும் 1,440 டாலரோ முழுக்க முழுக்கச் சம்பளம்.

வரியில்லை என்றால் கேட்க இனிக்கத்தான் செய்யும். ஆனால் முதுமையில் வரும் சோஷியல் செக்யூரிட்டி ஓய்வூதியமும், வேலை போனால் அரசு தரும் உதவித்தொகையும் வரிக்குட்பட்ட ஊதியத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. வீட்டுக் கடன் தருபவரும் முதலில் அதைத்தான் பார்ப்பார். வீடு வாங்க நினைக்கும் நேரத்தில் ஏட்டில் உங்கள் வருமானம் 1,440-இலிருந்து 864-ஆக இறங்கிவிடும். படியும் சேமிப்பாக நிற்காது, கலிஃபோர்னியா வாடகைக்கே பெரும்பகுதி போய்விடும். டெக்ஸாஸில் இல்லாத மாநில வருமான வரி வேறு அங்கே உண்டு. டெக்ஸாஸ் லைசென்ஸும் அங்கே செல்லாது. பல மாநிலங்களுக்குப் பொதுவான நர்ஸ் லைசென்ஸ் ஏற்பாட்டில் கலிஃபோர்னியா சேரவில்லை, தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த 2,300-ம் வாரம் தவறாமல் வருமா? நான் ஒப்பந்தத்தில் போன ஒரு மருத்துவமனையில் நோயாளிகள் குறைந்ததும் விடியற்காலை ஐந்தரை மணிக்குத் தொலைபேசி வரும், "இன்று வர வேண்டாம்" என்று. அங்கே முதலில் நிறுத்தப்படுபவர் டிராவல் நர்ஸ்தான். அன்றைய 12 மணி நேரச் சம்பளம் போனதோடு, அந்த வாரப் படியிலும் மூன்றில் ஒரு பங்கை வெட்டினார்கள். வாடகையை மட்டும் முழுதாகக் கொடுத்தேன். 2021-இல் வாரம் 5,000 டாலருக்கு மேல் வாங்கிய தோழிகள் எனக்கும் உண்டு. அது கொரோனா காலம். அந்தக் கணக்கை இன்றைக்குப் போடாதீர்கள்.

எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் படுவது உங்கள் அம்மா. 1993-இல் வந்த குடும்ப, மருத்துவ விடுப்புச் சட்டப்படி, குறைந்தது 50 பேர் வேலை செய்யும் நிறுவனத்தில் 12 மாதம் பணியில் இருந்து, கடைசி 12 மாதத்தில் 1,250 மணி நேரம் வேலை செய்தவர், கடுமையாக நோயுற்ற பெற்றோரைக் கவனிக்க ஆண்டுக்கு 12 வாரம் விடுப்பு எடுக்கலாம். சம்பளம் கிடைக்காது; வேலை காத்திருக்கும், இன்ஷூரன்ஸும் தொடரும். ஆறு ஆண்டு உழைத்து நீங்கள் சம்பாதித்த உரிமை அது. புதிய ஏஜென்சியில் அந்த 12 மாதக் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். நாளை நாகர்கோவிலிலிருந்து அவசர அழைப்பு வந்தால் ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டுதான் ஓட வேண்டியிருக்கும்.

இதையும் மீறி வேலையை விடுவதானால், இன்ஷூரன்ஸை முதலில் கணவரின் அலுவலகத்துக்கு மாற்ற முடியுமா என்று விசாரியுங்கள். உங்கள் காப்பீடு நின்ற 30 நாளுக்குள் அங்கே சேரக் கேட்க வேண்டும். அது முடியாவிட்டால் கோப்ரா சட்டப்படி பழைய காப்பீட்டையே 18 மாதம் வரை தொடரலாம். ஆனால் மருத்துவமனை இதுவரை கட்டிய பங்கும் உங்கள் தலையில் விழும். மூன்று பேருக்கு அது பெரிய தொகை.

வீடு வாங்கி முடித்து, அம்மாவும் தேறிய பிறகு போக விரும்பினால் தாராளமாகப் போங்கள். வேலை நல்ல வேலைதான். அப்போது ஏஜென்சியிடம் மூன்று விஷயங்களை ஒப்பந்தத்திலேயே கேளுங்கள்: வாரத்துக்கு எத்தனை மணி நேரம் உறுதி, மருத்துவமனை ஷிப்டை ரத்து செய்தால் படி வெட்டப்படுமா, பாதியில் ஒப்பந்தம் முறிந்தால் வாடகைக்கு யார் பொறுப்பு. வாய் வார்த்தையாகச் சொல்லி எழுதித் தர மறுத்தால் கையெழுத்துப் போடாதீர்கள்.