ஐந்தாவது எண்ணிக்கையில் வாய் திறக்க வேண்டும்

அன்புள்ள ஐயா,

நியூ ஹாம்ப்ஷயரில் இருந்தபோது கான்ட்ரா நடனங்களுக்குப் போனதையும், சில சமயம் மேடையேறிக் காலராக, அதாவது அசைவுகளைக் கூவிச் சொல்பவராக, நின்றதையும் நீங்கள் ஒரு பதிலில் போகிறபோக்கில் சொல்லியிருந்தீர்கள். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

நான் பாஸ்டன் பக்கம் இருக்கிறேன். சிறுவயதில் பரதம் கற்றேன், அரங்கேற்றமும் ஆயிற்று. அலுவலகத் தோழி ஒருத்தி கான்கார்டு ஸ்கவுட் ஹவுஸில் நடக்கும் கான்ட்ராவுக்கு இழுத்துக்கொண்டு போனாள். அன்றிலிருந்து விட முடியவில்லை. இப்போது ஆடுவதோடு நிற்காமல் காலிங் கற்றுக்கொள்ளவும் ஆசை வந்துவிட்டது. அடுத்த மாதம் ஒரு சின்னக் கூடத்தில் ஒரே ஒரு ஆட்டம் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்கிறார்கள்.

பரதத்தில் தாளம் தட்டிச் சொற்கட்டு சொல்லும் நட்டுவாங்கம் மாதிரிதானே என்று நினைத்தேன். ஆட்டம் முழுக்க மனப்பாடம். தாளமும் தப்பவில்லை. ஆனால் நண்பர்களை வரவேற்பறையில் நிறுத்திச் சொல்லிப் பார்த்தால் எல்லோரும் பிந்துகிறார்கள். எங்கே கோளாறு? அட்டையைப் பார்த்துச் சொல்லலாமா? இன்னொன்று, என் ஆங்கில உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற பயமும் இருக்கிறது.

ஒரு வாசகி, மாசசூசெட்ஸ்

அன்புள்ள வாசகிக்கு,

பெயர் வேண்டாம் என்று கேட்டிருந்தீர்கள், எடுத்துவிட்டேன்.

நட்டுவாங்கம் என்று நினைத்தீர்கள் பாருங்கள், கோளாறு அங்கேதான். நட்டுவாங்கத்தில் சொல்லும் அடியும் ஒரே புள்ளியில் விழ வேண்டும். ஆடுகிறவருக்கு அடுத்தது என்ன என்று தெரியும், ஒத்திகை பார்த்துப் பார்த்து உடம்பில் ஏறிய உருப்படி. கான்ட்ராவில் எதிரே நிற்பவர்கள் சற்று முன்னால்தான் அந்த ஆட்டத்தை ஒருமுறை நடந்து பார்த்திருக்கிறார்கள். நீங்கள் சொன்ன பிறகுதான் அவர்களால் காலை எடுக்க முடியும். ஆகவே சொல்லும் அடியும் ஒன்றாக விழுந்தால் அடி பிந்திவிட்டது என்று பொருள். உங்கள் பயிற்சி உங்களைச் சமத்தில், அதாவது தாளம் தொடங்கும் முதல் அடியில், வாய் திறக்கப் பழக்கியிருக்கிறது. காலர் சமத்துக்கு முன்பே சொல்லி முடித்து, சமத்தில் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

இதைக் கேள்விப்படாத வாசகர்களுக்காக ஒரு சுருக்கம். கான்ட்ரா மேடைக் கலை அல்ல, பார்வையாளர்களும் கிடையாது. வந்தவர்கள் எல்லோரும் ஆடுவார்கள். கூடத்தின் நீளவாக்கில் இரண்டு வரிசை. இரண்டு ஜோடிகள் சேர்ந்து நால்வர் குழு. ஒரு சுற்று 64 எண்ணிக்கை, சுமார் அரை நிமிடம். சுற்று முடியும்போது ஒவ்வொரு ஜோடியும் வரிசையில் ஓரிடம் நகர்ந்து புதிய ஜோடியைச் சந்திக்கும். அதே ஆட்டம் திரும்பவும் முதலிலிருந்து. வயலினும் பியானோவும் நேரில் வாசிக்க, இப்படியே எட்டு, பத்து நிமிடம் ஓடும். கால்வேலை பெரும்பாலும் வெறும் நடைதான். சிக்கல் எல்லாம் யாரோடு, எந்தப் பக்கம் என்பதில்.

இதன் மூதாதை இங்கிலாந்தின் நாட்டுப்புறக் கூட்டு ஆடல்கள். பதிப்பாளர் ஜான் பிளேஃபோர்டு லண்டனில் 1651இல் அவற்றைத் தொகுத்து அச்சிட்டார். அங்கே நடன ஆசிரியர் முன்கூட்டியே கற்றுக்கொடுப்பார், ஆடுகிறவர்கள் மனப்பாடம் செய்துகொண்டு வருவார்கள். ஆடும்போதே ஒருவர் சொல்லச் சொல்ல ஆடுவது அமெரிக்காவில் வளர்ந்த வழக்கம். அதன் தொடக்கத்தில் கறுப்பின இசைக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று ஆராய்ச்சியாளர் ஃபில் ஜேமிசன் விரிவாக எழுதியிருக்கிறார். அவர்களில் பலர் அடிமைகள். வெள்ளையர் வீட்டு விருந்துகளில் வயலின் வாசித்துக்கொண்டே அசைவுகளையும் கூவினார்கள். உச்சரிப்பைப் பற்றிப் பயப்படுகிற உங்களிடம் இதைச் சொல்லத் தோன்றுகிறது. இந்தத் தொழிலை உண்டாக்கிய குரல்கள் பலவும் பாஸ்டன் கனவான்களின் ஆங்கிலம் பேசியவை அல்ல.

உச்சரிப்பு பிரச்சினை இல்லை என்றாலும் அழுத்தம் பிரச்சினைதான். நாம் ஆங்கிலம் பேசும்போது எல்லா அசைக்கும் ஏறக்குறைய ஒரே எடை கொடுத்து மடமடவென்று ஓட்டிவிடுகிறோம். காலிங்கில் அழுத்தமான அசை தாளத்தின் மேல் உட்கார வேண்டும். ‘சர்க்கிள் லெஃப்ட் த்ரீ ப்ளேசஸ்’ என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு சொல், நான்கு எண்ணிக்கை. சர்க்கிளில் ‘சர்’ மேலும், ப்ளேசஸில் ‘ப்ளே’ மேலும் கை விழ வேண்டும். இதைத் தாளம் போட்டுக்கொண்டே சொல்லிப் பாருங்கள், பரதம் தெரிந்தவருக்கு இது ஒரு மாலைப்பொழுது வேலை.

தாளம் என்றதும் உங்களுக்கு ஒரு வசதி இருக்கிறது. கான்ட்ராவில் எல்லாம் எட்டு எண்ணிக்கைத் துண்டுகள். ஒரு துண்டு ஓர் ஆதி தாள ஆவர்த்தனம், எட்டு ஆவர்த்தனம் ஒரு சுற்று. லகுவின் நான்கு எண்ணிக்கையில், அதாவது முதல் பாதியில், நீங்கள் வாயைத் திறக்கக் கூடாது. அப்போது அவர்கள் முந்தைய சொல்லைச் செய்யத் தொடங்கியிருப்பார்கள், விட்டுவிடுங்கள். மீதி நான்கான இரண்டு திருதங்களும் உங்களுடையவை. ஐந்தாவது எண்ணிக்கையில் தொடங்கி எட்டாவதில் முடித்துவிடுங்கள். அமெரிக்கர்கள் இதைக் கற்க ஆண்டுக்கணக்கில் திணறுவதைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் கையால் தொடையைத் தட்டிக்கொண்டே பழகிவிடலாம்.

அடுத்த மாதத்துக்கு எந்த ஆட்டத்தை எடுத்திருக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. என்னைக் கேட்டால் மிகச் சாதாரணமான ஒன்றை எடுங்கள். இப்படி வைத்துக்கொள்வோம். அண்டை ஜோடிக்காரரோடு பேலன்ஸ் (கைகோத்து முன்னும் பின்னும் அசைவது), ஸ்விங் (ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு சுழல்வது), 16 எண்ணிக்கை. இடப்பக்கமாக வட்டம் முக்கால் சுற்று, 8. சொந்த ஜோடியோடு ஸ்விங், 8. நீண்ட வரிசைகள் முன்னே போய்ப் பின்னே வருவது, 8. ராபின்கள் செயின் (ராபின்கள் வலக்கை கொடுத்து எதிர்ப்பக்கம் கடப்பது), 8. இடக்கை நட்சத்திரம் (நால்வரும் நடுவில் இடக்கை சேர்த்துச் சுற்றுவது) ஒரு சுற்று, 8. அங்கிருந்து அப்படியே புதிய அண்டைக்காரரிடம் திரும்பி டோ-சி-டோ (திரும்பாமலே ஒருவரையொருவர் சுற்றி வருவது), 8. கூட்டிப் பாருங்கள், 64.

லார்க், ராபின் என்பது இப்போது பல கூடங்களில் புழங்கும் பெயர்கள். ஜோடியில் இடப்பக்கம் நிற்பவர் லார்க், வலப்பக்கம் ராபின். முன்பு ஜென்ட்ஸ், லேடீஸ் என்றார்கள். யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமும் ஆடலாம் என்று ஆன பிறகு இது வந்தது. முணுமுணுப்பவர்கள் இருக்கிறார்கள். காலருக்கு இதில் நஷ்டமே இல்லை. ஜென்ட்ஸுக்கும் லார்க்ஸுக்கும் ஓரசை, லேடீஸுக்கும் ராபின்ஸுக்கும் ஈரசை. பழைய சொல்வரிசை அப்படியே தாளத்தில் உட்கார்ந்துவிடுகிறது.

அந்த ஆட்டத்தில் எந்தச் சொல் எல்லாவற்றையும்விட முக்கியம் என்று நினைக்கிறீர்கள்? முதல் முறை சொல்கிறவர்கள் ஸ்விங் என்பார்கள். ஸ்விங்கை ஊமையாக நின்றாலும் ஆடுவார்கள், அதற்காகத்தானே வந்திருக்கிறார்கள். ஆபத்து நட்சத்திரத்தின் முடிவில் இருக்கிறது. அங்கேதான் பழைய நால்வர் குழு கலைந்து புதியது பிறக்கிறது. கையைப் பிடித்துச் சுற்றிக்கொண்டிருப்பவர்களின் கண் குழுவுக்கு உள்ளே இருக்கும். அதை வெளியே திருப்ப வேண்டும், அதற்கு நேரம் பிடிக்கும். ஆகவே இந்த ஒரு சொல்லை மட்டும் கொஞ்சம் முன்னாலேயே, நான்காவது எண்ணிக்கையிலேயே எடுத்துவிடுங்கள். எதை முதலில் சொல்வது என்பதும் முக்கியம். யார் என்பது முன்னால், என்ன என்பது பின்னால். ‘நியூ நெய்பர்’ காதில் விழுந்ததும் தலை திரும்பிவிடும். அப்புறம் ‘டோ-சி-டோ’ எப்போது வந்தாலும் சமாளிப்பார்கள்.

முதல் இரண்டு மூன்று சுற்று முழுதாகச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு குறைக்க ஆரம்பிக்க வேண்டும். ‘சர்க்கிள் லெஃப்ட் த்ரீ ப்ளேசஸ்’ அடுத்த சுற்றில் ‘சர்க்கிள் லெஃப்ட்’ ஆகும். பிறகு ‘சர்க்கிள்’ போதும். பிறகு அதுவும் வேண்டாம். நட்சத்திர முடிவின் சொல்லைக் கடைசியாக விடுங்கள். ஆறேழு சுற்றில் கூடம் தானாக ஓடிக்கொண்டிருக்கும், இசை மட்டும் கேட்கும். நான் பார்த்தவர்களில் கைதேர்ந்த ஒரு காலர் அந்தக் கட்டம் வந்ததும் மைக்கை அணைத்துவிட்டு மேடை விளிம்புக்கு வந்து நிற்பார். ஓய்வெடுக்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் நின்று பார்த்தபோதுதான் தெரிந்தது, அவர் கண் கடைக்கோடிக் குழு ஒன்றிலேயே நிலைத்திருந்தது. அங்கே இரண்டு புதியவர்கள் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் நட்சத்திரத்துக்கு வரும் நேரம் பார்த்து மைக்கைப் போட்டு இரண்டே சொல் சொன்னார், மறுபடி அணைத்துவிட்டார். பேசிக்கொண்டே இருக்கிற காலர்களை எனக்குப் பிடிப்பதில்லை. சிரிப்புத் துணுக்கு சொல்பவர்களை இன்னும் பிடிப்பதில்லை.

இந்த அளவு சொல்ல வேண்டிய நிலையே பின்னால் வந்தது. நியூ ஹாம்ப்ஷயரின் காலர் ரால்ஃப் பேஜ் (1903–1985) காலத்தில் மனி மஸ்க், கோரஸ் ஜிக், பெட்ரோனெல்லா போன்ற பழைய ஆட்டங்கள் அந்த ஊர்க்காரர்கள் பலருக்கும் அத்துபடி. அவற்றில் முதல் ஜோடிதான் அதிகம் ஆடும், மற்றவர்கள் பெரும்பாலும் துணை. 1960களில் காலர் டட்லி லாஃப்மன் இளைஞர் கூட்டத்தை இந்தப் பக்கம் இழுத்தார். டெட் சன்னெல்லா போன்ற காலர்கள், எல்லோரும் சமமாக ஆடும் புதிய ஆட்டங்களைக் கட்டினார்கள். பிறகு அவை பெருகிப் பெருகி, இன்று ஒரு மாலையில் ஆடுகிற பத்துப் பன்னிரண்டு ஆட்டங்களில் ஒன்றைக்கூட முன்பு பார்த்திராதவர் கூடத்தில் நிச்சயம் இருப்பார். பாரம் முழுக்கக் காலர் தலையில்.

அந்தப் பாரத்தில் பாதியை இசைக்கு முன் நடக்கும் நடைப்பாடத்தில் இறக்கிவைக்கலாம். பலரும் அங்கே அசைவின் பெயரைச் சொல்லி விளக்கம் சொல்வார்கள். நீங்கள் முடிவிடத்தைச் சொல்லுங்கள். ‘வட்டம் நின்றதும் உங்கள் சொந்த ஜோடி பக்கத்தில் இருக்க வேண்டும், இருக்கிறாரா?’ என்று கேட்டால் தவறாக நின்றவர்கள் தாங்களே ஓரிடம் நகர்ந்துகொள்வார்கள். வரிசையின் இரு கோடியிலும் ஒரு சுற்று சும்மா நிற்கும் ஜோடி, உள்ளே திரும்பி இடம் மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை மறக்காமல் சொல்லுங்கள். பாதிக் குழப்பம் அந்தக் கோடிகளில் இருந்துதான் கிளம்பி உள்ளே பரவும். நடைப்பாடம் ஒருமுறை, மிஞ்சினால் இருமுறை. அதற்கு மேல் நீட்டினால் கற்றதும் போய்விடும்.

ஆட்டம் நடுவே ஒரு குழு உடைந்தால் திருத்தப் போகாதீர்கள். என்ன தப்பு என்று மைக்கில் விளக்குவதற்குள் பத்து எண்ணிக்கை ஓடிவிடும். அடுத்து அவர்கள் சேரக்கூடிய இடத்தைச் சொல்லுங்கள். மேலே சொன்ன ஆட்டத்தில் அது சொந்த ஜோடியோடு ஸ்விங். தொலைந்தவர்கள் ஜோடியைக் கண்டுபிடித்துச் சுற்றினால் போதும், நீண்ட வரிசையில் ஒட்டிக்கொள்வார்கள். புதியவர் எடுக்கும் ஆட்டத்தில் ஜோடி ஸ்விங் கட்டாயம் இருக்க வேண்டும் என்று நான் நினைப்பதற்கு இதுவே காரணம். கூடம் முழுக்கக் கலைந்துவிட்டால் இசையை நிறுத்தச் சொல்லி முதலிலிருந்து தொடங்குங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள்.

அட்டை பார்க்கலாம், எல்லோரும் பார்க்கிறார்கள். கையகல அட்டையில் மெட்டின் நான்கு பகுதிகளுக்கு ஏ1, ஏ2, பி1, பி2 என்று நான்கு வரி, ஒவ்வொன்றும் 16 எண்ணிக்கை. ஆனால் அசைவின் பெயரை மட்டும் எழுதாதீர்கள், நீங்கள் வாயால் சொல்லப்போகும் சொற்களையே எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் மொழிபெயர்க்க நேரம் இருக்காது.

வரவேற்பறைப் பயிற்சியை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். நண்பர்கள் உங்கள் முகத்தைப் பார்த்தே ஆடிவிடுவார்கள். இரண்டு உப்பு டப்பா, இரண்டு டம்ளர் எடுத்து மேஜையில் நால்வர் குழுவாக வைத்து நகர்த்துங்கள், யார் எங்கே முடிகிறார் என்பது அதில் தெளியும். பிறகு காதில் இசை போட்டுக்கொண்டு வாக்கிங் போங்கள். கொஞ்சம் விறுவிறுப்பான நடைதான் கான்ட்ராவின் வேகம், நிமிடத்துக்கு 110 முதல் 120 அடி. நடந்துகொண்டே ஆட்டம் முழுக்கச் சொல்லி ஃபோனில் பதிவு செய்யுங்கள். திரும்பக் கேட்கும்போது குரல் நன்றாக இருக்கிறதா என்றெல்லாம் கவனிக்க வேண்டாம். சொல்லின் கடைசி அசை சமத்துக்கு முன்னால் முடிகிறதா, அது மட்டும் போதும். டோனி பார்க்ஸ் எழுதிய காலிங் பாடப்புத்தகம் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். அடுத்த முறை ஆடப் போகும்போது நீங்கள் வழக்கமாக ஆடாத பக்கத்தில் ஆடுங்கள், லார்க் என்றால் ராபின்.

இசைக்காரர்களிடம் முன்னாலேயே போய்ப் பேசிவிடுங்கள். 32 பார் (பாருக்கு இரண்டு எண்ணிக்கை) கொண்ட, சீரான ரீல் மெட்டு வேண்டும், தொடக்கத்தில் பேலன்ஸ் இருக்கிறது என்று சொன்னால் அவர்களே பொருத்தமான மெட்டு எடுப்பார்கள். சில பழைய மெட்டுகள் இரண்டு எண்ணிக்கை கூடக்குறைய இருக்கும். கேட்க அழகு, அதில் சொல்லப் போனால் அம்போ. வயலின்காரர் தொடங்கும்போது ‘பொட்டேட்டோஸ்’ என்று நான்கு எண்ணிக்கை இழுப்பார். அந்த நான்கில் உங்கள் முதல் சொல் முடிந்திருக்க வேண்டும். அங்கே மௌனமாக இருந்துவிட்டால் முதல் பேலன்ஸுக்குப் பாதிக் கூடம் நின்றுகொண்டிருக்கும். முடிக்கும்போது மூன்று சுற்று இருக்கையில் இசைக்காரர்களுக்கு விரல் காட்டுங்கள், மெட்டை எப்படி முடிப்பது என்று அவர்களுக்கு யோசிக்க நேரம் வேண்டும்.

எடுத்திருக்கும் ஆட்டத்தின் அட்டையைப் படம் எடுத்து அனுப்பினால் பார்த்துச் சொல்கிறேன். அதில் ‘ஹே’, அதாவது நால்வரும் ஒருவரை ஒருவர் பின்னி நடக்கும் அசைவு, இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.