தீவில் விவசாயம்: வாசகர் கேள்விகள்

மகன் தேசிய சேவை முடித்துவிட்டான். மேற்படிப்பு வேண்டாம், கீரைப் பண்ணை வைக்கிறேன் என்கிறான். சேமிப்பை எடுத்துக் கொடுக்கலாமா? (உட்லண்ட்ஸ் வாசகி)

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். அவன் ஆசையைக் கெடுக்கவும் வேண்டாம். உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்யும் ஊர் நம் சிங்கப்பூர். விளைநிலம் மொத்தப் பரப்பில் ஏறத்தாழ 1 விழுக்காடுதான். 2030க்குள் 30 விழுக்காடு இங்கேயே விளைய வேண்டும் என்று 2019இல் வைத்த இலக்கை, 2025 நவம்பரில் அரசாங்கமே மாற்றிவிட்டது. புதுக் கணக்கு 2035க்கு: காய்கறி, காளான் வகையில் 20 விழுக்காடு, முட்டை, கடலுணவில் 30. விளக்கொளியில் கீரை வளர்த்தால் மின்கட்டணம் கழுத்தைப் பிடிக்கும்; மலேசியாவிலிருந்து வரும் சாய் சிம் கீரையோடு விலையில் போட்டி போட முடியாது.

முதலில் லிம் சூ காங் பக்கம் ஒரு பண்ணையில் ஓராண்டு சம்பளத்துக்குச் சேரட்டும். அறுப்பது, கழுவுவது, பொட்டலம் கட்டுவது, லாரியில் ஏற்றுவது எல்லாம் செய்து பார்த்த பிறகும் பண்ணைதான் என்றால், எந்தக் கடைக்கு, வாரம் எத்தனை கிலோ, என்ன விலைக்கு என்று எழுதிக்கொண்டு வரச் சொல்லுங்கள். பணப் பேச்சு அதற்கப்புறம்.

தம்பி மாலத்தீவு ரிசார்ட் ஒன்றில் சமையல்காரர். வெள்ளரிக்காய்கூட வெளிநாட்டிலிருந்து வருகிறதாம். அங்குள்ள இளையர்கள் ஏன் பயிரிடுவதில்லை? (ஈசூன் வாசகர்)

சோம்பேறித்தனம் என்று நினைத்துவிடாதீர்கள். அது பவளமணல், தண்ணீர் நிற்காது. சுண்ணாம்பு மிகுதியால் வேர் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல், நரம்பு மட்டும் பச்சையாக இருக்க இளம் இலை மஞ்சளாகும். நன்னீரோ உப்புநீரின்மேல் மிதக்கும் மெல்லிய அடுக்கு. அளவுக்கு மீறி இறைத்தால் கிணறு கரிக்கத் தொடங்கும். அப்படியும் தொட்டூ தீவுக்காரர்கள் தர்பூசணியும் பப்பாளியும் விளைவித்துப் பெயர் வாங்கியிருக்கிறார்கள். மண்ணைச் சரிசெய்ய எரு இருக்கிறது.

பெரிய சிக்கல் சமையற்கட்டு வாசலில். ரிசார்ட்டுக்கு ஒரே அளவுக் காய், குறித்த நாளில், வாரம் தவறாமல் வேண்டும். தனி ஆளால் முடியாது. பணமும் பில் கொடுத்து ஒன்றிரண்டு மாதம் கழித்து வந்தால் அடுத்த விதைப்புக்கு எங்கே போவது? அதே பையன் ரிசார்ட் வேலைக்குப் போனால் மாதம் பிறந்ததும் சம்பளம், மேலே சேவைக் கட்டணப் பங்கு. நானாக இருந்தாலும் போயிருப்பேன்! பத்துப் பேர் சேர்ந்து, வாரத்துக்கு ஒருவராக முறைவைத்து விதைத்து, ஒரு வாரத்தில் பணம் என்று எழுத்தில் வாங்கினால் இளையர்கள் வருவார்கள். ஜமைக்காவில் விவசாயியையும் ஓட்டலையும் இணையத்தில் நேரடியாகச் சேர்த்துவிடும் ஏற்பாடே இருக்கிறது. தம்பியிடம் கேளுங்கள்: அவர் தலைமைச் சமையல்காரர் எந்த நான்கு காயை உள்ளூரில் வாங்கத் தயார்?

மொரீஷியஸில் உறவினருக்குக் கரும்புத் தோட்டம் இருக்கிறது. பிள்ளைகள் எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. (சிராங்கூன் வாசகர்)

மொரீஷியஸ் சர்க்கரை பெரும்பாலும் ஐரோப்பாவுக்குத்தான் போனது. 2006 முதல் நான்கே ஆண்டுகளில் ஐரோப்பா தன் சர்க்கரை விலையை 36 விழுக்காடு குறைத்தது. அப்பா நொடித்துப்போனதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எப்படி வருவார்கள்? கால் ஏக்கரைப் பிரித்துக் கொடுக்கச் சொல்லுங்கள். என்ன பயிர் என்பது அவர்கள் முடிவு, வரும் காசும் அவர்களுக்கே.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி நடைபாதையில் மிளகாய் வைக்கலாமா? (பிடோக் வாசகி)

தாராளமாக. 1.2 மீட்டர் வழி விட்டு, தொட்டித் தட்டில் நீர் தேங்காமல் பாருங்கள். கொசு முட்டையிட்டால் அபராதம்.