மேடை ஏறாத நடிகர்கள், ஓட்டுப் போட்ட ரசிகர்கள்

கேள்வி: இப்படி ஒரு இசைநாடகம் வேறெங்கும் நடந்திருக்காது என்று நீங்கள் அடித்துச் சொல்லக்கூடியது எது?

பதில்: 1937 ஜூனில் நியூயார்க்கில் நடந்த 'தி கிரேடில் வில் ராக்'. உருக்காலை முதலாளியை எதிர்த்துத் தொழிலாளர்கள் சங்கம் சேரும் கதை. எழுத்தும் இசையும் மார்க் பிளிட்ஸ்டைன், இயக்கம் ஆர்சன் வெல்ஸ், பணம் போட்டது அரசாங்கம். அரங்கேற்றம் நெருங்கும்போது, நிதிக் குறைப்பு என்று சொல்லி (கதைதான் காரணம் என்று குழுவில் யாருக்கும் சந்தேகமில்லை) அதே அரசாங்கம் தியேட்டரைப் பூட்டிவிட்டது; செட்டும் உடைகளும் உள்ளே மாட்டிக்கொண்டன. குழு கடைசி நேரத்தில் வேறொரு தியேட்டரைப் பிடிக்க, காத்திருந்த கூட்டம் 21 தெரு தாண்டி அங்கே நடந்தே போனது. அப்புறம் இன்னொரு சிக்கல்: இந்த நாடகத்துக்காக மேடையில் ஏறக் கூடாது என்று நடிகர் சங்கம் தடை போட்டிருந்தது. சரி, மேடையில்தானே ஏறக் கூடாது? பிளிட்ஸ்டைன் ஒரு பியானோவோடு தனியாக மேடையில் உட்கார்ந்தார், எல்லா வேஷத்தையும் தானே பாடிவிடத் தயாராக. முதல் பாட்டை எடுத்ததுமே பார்வையாளர் பகுதியிலிருந்து ஒரு நடிகை எழுந்து சேர்ந்து பாடினார். பிறகு ஒவ்வொருவராக அவரவர் இருந்த இடத்திலிருந்தே எழுந்து பாட, நாடகம் முழுசாக நடந்தே விட்டது. கோடி கொட்டினாலும் இப்படி ஒரு இயக்கம் வாய்க்காது.

கேள்வி: கொலையாளி யார் என்று ரசிகர்களே முடிவு செய்யும் நாடகம் உண்டாமே?

பதில்: உண்டு, 'தி மிஸ்டரி ஆஃப் எட்வின் ட்ரூட்'. டிக்கன்ஸ் 1870-ல் இறந்தபோது பாதியில் நின்ற நாவல் அது. 1985-ல் அதை இசைநாடகமாக்கிய ரூபர்ட் ஹோம்ஸ், மூலக்கதை நின்ற இடத்தில் நாடகத்தையும் நிறுத்தி, ரசிகர்களை ஓட்டுப் போட வைத்தார். கொலையாளியை மட்டுமல்ல, துப்பறிபவரையும் காதல் ஜோடியையும்கூட அவர்கள்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். யார் ஜெயித்தாலும் பாடத் தயாராக ஆளுக்கொரு பாட்டு இருக்கும். நடிகர்கள் பாவம்.

கேள்வி: ஒத்திகையே இல்லாமல் நாடகம் போட முடியுமா?

பதில்: 'ஒயிட் ராபிட் ரெட் ராபிட்' அப்படித்தான் நடக்கிறது. எழுதிய ஈரானியர் நாசிம் சுலைமான்பூர் ராணுவச் சேவைக்கு மறுத்ததால் பாஸ்போர்ட் கிடைக்கவில்லை. தான் போக முடியாத ஊர்களுக்கெல்லாம் தன் எழுத்தாவது போகட்டும் என்று இதை எழுதினார். இயக்குநர் இல்லை, செட் இல்லை. நாடகம் நடக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு புது நடிகர் மேடைக்கு வந்து, ஒட்டிய உறையைப் பிரித்து முதல்முறையாக வாசிப்பார். ஒரு தடவை நடித்தவர் மறுபடி நடிக்க முடியாது.

கேள்வி: மிகச் சின்ன நாடகம்?

பதில்: சாமுவேல் பெக்கெட்டின் 'பிரெத்'. நடிகரே கிடையாது. ஒரு குப்பைக் குவியல், ஓர் அழுகுரல், ஒரு மூச்சு, அவ்வளவுதான். ஒரு நிமிடம்கூட ஆகாது.

கேள்வி: ஓடாமல் போனாலும் மறக்கக் கூடாத ஒன்று?

பதில்: கதையைக் கடைசியிலிருந்து தொடக்கத்துக்குப் பின்னோக்கிச் சொன்ன, அமெரிக்க இசையமைப்பாளர் சோண்ட்ஹைமின் 'மெரிலி வி ரோல் அலாங்'. 1981-ல் 16 தடவை நடந்ததோடு மூடப்பட்டது. யார் யாரென்று ரசிகர்கள் குழம்பியதால் நடிகர்களின் பனியனிலேயே பாத்திர விவரத்தை அச்சடித்துப் பார்த்தார்கள், அதுவும் உதவவில்லை. அதே நாடகம் 2023-ல் நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேக்குத் திரும்பி வந்து, மறுஆண்டு அமெரிக்க நாடக உலகின் பெரிய விருதான டோனி விருதையும் தட்டிச் சென்றது. 75 மில்லியன் டாலரை விழுங்கி, நடிகர்களைக் கயிற்றில் பறக்கவிட்டுக் காயப்படுத்திய 'ஸ்பைடர்மேன்' இசைநாடகத்தை ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அது விபத்துச் செய்தியாகத்தான் நினைவிருக்கிறது.